நைட், இரும்புக் கவசம், போர்க்குதிரை: எல்லாரும் கேக்குற கேள்விகள்

படம் பாத்துட்டு, கேம் ஆடிட்டு வர்றவங்ககிட்ட இருந்து ஐரோப்பாவோட இடைக்கால நைட்டுங்க பத்தி ஒரே டவுட்டு திரும்பத் திரும்ப வந்துட்டே இருக்கு. ஒவ்வொருத்தருக்கா டைப் பண்ணி முடியல, அதான் மொத்தமா இங்க போட்டுட்டேன். கேள்வியெல்லாம் கேட்டவங்க கேட்ட மாதிரியே விட்டிருக்கேன். மேல இருந்து வரிசையா படிங்க, பின்னாடி வர்ற பதில் நிறைய முன்னாடி சொன்னதை வச்சுதான் ஓடும்.

நைட்னா யாரு ப்ரோ? குதிரைல கவசம் போட்டு வந்தா எல்லாருமே நைட்டா?

இல்ல. ஆரம்பத்துல, அதாவது 11-ம் நூற்றாண்டு வாக்குல, அது ஒரு தொழில் மாதிரிதான் இருந்துச்சு, குதிரை மேல இருந்து சண்டை போடுற ஆள், அவ்ளோதான். போகப்போக அது ஒரு அந்தஸ்தா மாறி, நிலம் வச்சிருக்குற குடும்பத்துப் பசங்களுக்கு முறைப்படி குடுக்குற பட்டமா ஆயிடுச்சு. அதே கவசம், அதே மாதிரி குதிரை, அதே ஈட்டியோட பக்கத்துல நிக்கிற இன்னொருத்தனுக்கு அந்தப் பட்டம் இருக்காது. அவன் ஸ்குவயராவோ (நைட்டுக்குக் கூடவே உதவிக்கு இருக்குற, பட்டம் வாங்காத ஆள்) சம்பளத்துக்கு வந்த குதிரை வீரனாவோ இருப்பான். ஒரு படைல நைட்டுங்களை விட இவங்க எண்ணிக்கைதான் பெரும்பாலும் ஜாஸ்தி.

சம்பளத்துல வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும். 1340கள்ல இங்கிலாந்து ராஜா படைல நைட்டுக்கு ஒரு நாளைக்கு 2 ஷில்லிங், ஸ்குவயருக்கு 1 ஷில்லிங், குதிரைல போற வில்லாளிக்கு 6 பென்னி, அதாவது அரை ஷில்லிங். இந்தக் கணக்கை ஞாபகம் வச்சுக்கோங்க, குதிரை விலை பேசும்போது தேவைப்படும்.

நைட்னாலே தலைல இருந்து கால் வரைக்கும் பளபளன்னு இரும்புதானே?

எந்த நூற்றாண்டுன்னு கேக்காம இதுக்கு பதில் சொல்லவே முடியாது. 1066-ல இங்கிலாந்துல நடந்த ஹேஸ்டிங்ஸ் சண்டைக்கு வந்தவங்க போட்டது வளையம் வளையமா கோர்த்த சங்கிலிச் சட்டை, மூக்குக்கு முன்னாடி ஒரு பட்டை இறங்குற கூம்பு ஹெல்மெட், கைல பெரிய கேடயம். அதே நூற்றாண்டு கடைசில ஜெருசலேமைப் பிடிக்க முதல் சிலுவைப்போருக்குப் போனவங்களும் அப்படித்தான். 14-ம் நூற்றாண்டுல அந்த சங்கிலிச் சட்டைக்கு மேல தகடு தகடா சேர ஆரம்பிச்சுது, முழங்கால், முழங்கை, மார்புன்னு. நீங்க மனசுல நினைக்கிற அந்த முழுத் தகட்டு ஆர்மர் 1400-ஐ ஒட்டிதான் வருது. அதுல பேர் போன இடம் இத்தாலில மிலன், ஜெர்மனி பக்கம் ஆக்ஸ்பர்க், நியூரம்பெர்க். அதனால சிலுவைப்போர் ஓவியம்னு போட்டு அதுல முழுத் தகடு மாட்டின ஆள் நின்னா, வரைஞ்சவர் ஒரு 300 வருஷம் தாண்டி குதிச்சுட்டார்னு அர்த்தம்.

ஆர்மர் எவ்ளோ வெயிட் இருக்கும்? 50 கிலோ, 60 கிலோன்னெல்லாம் சொல்றாங்களே?

சங்கிலிச் சட்டை மட்டும்னா 10ல இருந்து 14 கிலோ. 15-ம் நூற்றாண்டு முழு தகட்டு ஆர்மர், போருக்குப் போடுறது, 20ல இருந்து 25 கிலோ, சிலது கொஞ்சம் கூட. தகடு நீங்க நினைக்கிற மாதிரி தடிமனா இருக்காது, நெஞ்சுல சுமார் 2 மில்லிமீட்டர், அடி அதிகம் விழாத இடத்துல 1 மில்லிமீட்டர்தான். 25 கிலோ அரிசி மூட்டைய தோள்ல தூக்கிட்டு மாடி ஏறினா மூச்சு வாங்கும், ஆனா அதே 25 கிலோவைப் பிரிச்சு கை, கால், இடுப்பு, நெஞ்சுன்னு ஒவ்வொரு இடத்துலயும் கட்டிவிட்டா உடம்பு தாங்கிக்கும். சங்கிலிச் சட்டைதான் உண்மைல தொல்லை, மொத்த எடையும் தோள்ல தொங்கும், அதான் இடுப்புல பெல்ட்டை இறுக்கிக் கட்டி பாதி எடையை அங்க இறக்குவாங்க.

50 கிலோ கதை எங்க இருந்து வந்துச்சுன்னா, விளையாட்டு ஆர்மர்ல இருந்து. குதிரைல எதிரும் புதிருமா வந்து ஈட்டியால இடிச்சுக்குவாங்களே, ஜௌஸ்ட்டிங், அதுக்குன்னு தனியா செஞ்ச ஆர்மர் 40 கிலோ எல்லாம் சாதாரணமா தாண்டும். அதுல நடக்க வேண்டாம், ஓட வேண்டாம், சில நிமிஷம் உக்காந்து இடி வாங்கினா போதும். மியூசியத்துல பாக்கும்போது இது வேற அது வேறன்னு தெரியாம ரெண்டையும் குழப்பிக்கிறதுதான் இந்த சப்ஜெக்ட்ல பாதி தப்பான தகவலுக்குக் காரணம்னு நான் நினைக்கிறேன்.

கிரேன் வச்சு தூக்கித்தான் குதிரைல உக்கார வைப்பாங்களாமே, உண்மையா?

பொய். சுத்தமா பொய். சண்டை நடுவுல குதிரைல இருந்து விழுந்தா கிரேனுக்கு எங்க போறது? 14-ம் நூற்றாண்டு கடைசில பிரான்ஸ்ல பூசிகோன்னு ஒரு நைட் இருந்தாரு, பின்னாடி அந்த நாட்டு மார்ஷல், அதாவது பெரிய படைத் தலைவர், ஆனவர். அவர் உயிரோட இருக்கும்போதே எழுதின வாழ்க்கை வரலாற்றுல அவர் பண்ண பயிற்சியெல்லாம் பட்டியலா இருக்கு. முழு ஆர்மரோட அங்கவடில கால் வைக்காமலே தாவி குதிரை மேல ஏறுவாராம், ஹெல்மெட்டை மட்டும் கழட்டிட்டு மீதி எல்லாம் போட்டுக்கிட்டு குட்டிக்கரணம் அடிப்பாராம், சுவத்துல சாய்ச்ச ஏணியோட அடிப்பக்கமா கையை மட்டும் வச்சு தொங்கித் தொங்கியே மேல போவாராம். கொஞ்சம் மிகைப்படுத்தி எழுதியிருக்கலாம்தான், ஆனா இன்னிக்கு அதே மாதிரி ஆர்மர் செஞ்சு போட்டுப் பாக்குறவங்க குதிரை ஏறுறது, ஓடுறது, உருளுறது எல்லாமே பண்ணிக் காட்டுறாங்க.

அப்போ விழுந்தா எழுந்திரிக்க முடியாதுங்கறதும் பொய்யா?

எழுந்திரிக்கலாம். ஆனா களைப்புங்கறது நிஜம், அதை இல்லன்னு சொல்லிடக்கூடாது. 2011-ல லீட்ஸ் யுனிவர்சிட்டில ஆர்மர் போட்டவங்களை ட்ரெட்மில்ல நடக்க விட்டு, ஓட விட்டு அளந்தாங்க. சும்மா நடக்குறதை விட ரெண்டு மடங்குக்கும் மேல சக்தி செலவாச்சு. காரணம் ரெண்டு. கால்ல கட்டின இரும்பை ஒவ்வொரு அடிக்கும் தூக்கி வீசணும், அதோட நெஞ்சுத் தகடு இறுக்கமா இருக்குறதால ஆழமா மூச்சு இழுக்க முடியாது.

1415-ல இங்கிலாந்தும் பிரான்ஸும் மோதின அஜின்கோர்ட் சண்டைல நடந்தது இதான். ராத்திரி பூரா மழை, உழுது போட்ட நிலம், அதுல பிரெஞ்சு ஆளுங்க முழு ஆர்மரோட சேத்துல கால் புதைய நடந்தே வந்து சேரும்போது பாதி உசுரு போயிடுச்சு. ஒருத்தன் விழுந்தா பின்னாடி வர்ற கூட்டம் அவன் மேலயே விழுந்துச்சு. அந்த நிலைமைல ஆர்மரே இல்லாதவன் விழுந்தாலும் எழுந்திரிச்சிருக்க முடியாது.

எப்படித்தான் அதைப் போடுறது? தனியாளா போட முடியுமா? உள்ள என்ன டிரெஸ்?

எனக்குப் பிடிச்ச கேள்வி இது. முழு தகட்டு ஆர்மரை தனியா போட முடியாது, கூட ஒரு ஆள் வேணும். 15-ம் நூற்றாண்டு இங்கிலாந்துல இதுக்குன்னே எழுதி வச்ச ஒரு குறிப்பு கிடைச்சிருக்கு, அதுல சின்னச் சின்ன விஷயம் கூட விடாம சொல்லியிருக்காங்க. உள்ள சட்டை கிடையாது, உள்பக்கம் சாட்டின் துணி வச்சுத் தைச்ச கெட்டியான டப்லெட், அதாவது உடம்பை ஒட்டின ஜாக்கெட், மட்டும். அதுல அக்குள்லயும் முழங்கை மடிப்புலயும் சங்கிலித் துண்டு தைச்சிருக்கும், ஏன்னா அங்க தகடு வராது, ஓட்டை. அந்த டப்லெட் பூரா துளை போட்டு கயிறு கோர்த்திருப்பாங்க, ஆர்மரோட ஒவ்வொரு பாகமும் அந்தக் கயித்துலதான் கட்டி நிக்கும். கயிறு சாதாரண கயிறு இல்ல, குறுக்குவில்லுக்கு நாண் முறுக்குற நூல்ல செஞ்சு, செருப்பு தைக்கிறவர் தேய்க்குற மெழுகைத் தேய்ச்சு வச்சது, அப்பதான் நீளாது, அறாது. முழங்கால்ல இரும்பு உரசிப் புண்ணாகாம இருக்க மெல்லிசான கம்பளித் துண்டு சுத்துவாங்க. ஷூவோட குதிகால்ல முடிச்சுப் போட்ட கயிறு வச்சு தைச்சிருப்பாங்க, வழுக்காம இருக்க.

அதுக்கப்புறம் கீழ இருந்து மேல. முதல்ல பாதம், கெண்டைக்கால், முழங்கால், தொடை, அப்புறம் இடுப்புல சங்கிலிப் பாவாடை, நெஞ்சும் முதுகும், கை, தோள், கடைசில ஹெல்மெட், கையுறை. மேல இருந்து ஆரம்பிச்சா குனிஞ்சு கால்ல கட்ட முடியாது, எடையும் ரொம்ப நேரம் தோள்லயே நிக்கும். பழகின ஆள் கூட இருந்தா கால் மணி நேரம், இருபது நிமிஷத்துல முடிஞ்சிடும்.

சிரிக்காதீங்க அண்ணா, பாத்ரூம் எப்படி போவாங்க?

தம்பி, இதை எல்லாருமே கேக்குறாங்க, வெக்கப்படாத. குதிரைல உக்காரணும்ங்கறதால பின்பக்கமும் தொடை இடுக்கும் தகடு போட்டு மூடியிருக்காது, அங்க சங்கிலியும் துணியும்தான். சங்கிலியைத் தூக்கி, கயித்தை அவுத்தா வேலை முடிஞ்சுது. சண்டை நடுவுல அவசரம்னா என்ன ஆகும்னு நீயே யோசிச்சுக்க, ஆர்மரைக் கழுவுறது ஸ்குவயர் வேலை.

வெயில்ல வெந்து போயிட மாட்டாங்களா? பாலஸ்தீனம் வரைக்கும் போய் சண்டை போட்டிருக்காங்களே?

கஷ்டம்தான். இரும்பு மேல நேரா வெயில் படாம இருக்க துணி அங்கி ஒண்ணு போட்டுக்குவாங்க, சிலுவை போட்ட வெள்ளை அங்கின்னு படத்துல பாப்பீங்களே, அது. ஆனா பெரிய எதிரி தண்ணி இல்லாததுதான். 1187 ஜூலைல ஹத்தின்ல சிலுவைப்படை மொத்தமா அழிஞ்சதுக்கு அதான் காரணம். தண்ணி இருந்த இடத்தை விட்டுட்டு காய்ஞ்ச மேட்டு நிலத்துல ஒரு பகல் பூரா நடந்தாங்க, எதிர்ப்பக்கத்து முஸ்லிம் சுல்தான் சலாதீனோட ஆளுங்க தண்ணிக்குப் போற வழியை மறிச்சாங்க, மறுநாள் காய்ஞ்ச புல்லுக்கு தீ வச்சு புகையையும் அனுப்பினாங்க. மனுஷனோட சேந்து குதிரையும் தாகத்துல துவண்டு போச்சு. குதிரை போனா நைட் பாதி ஆள்தான்.

அதே ஊர்ல இன்னொரு பக்கமும் இருக்கு. 1191-ல இங்கிலாந்து ராஜா ரிச்சர்ட் கடற்கரை ஓரமா படையைக் கூட்டிட்டுப் போனப்போ, சலாதீன் கூடவே இருந்த பஹாவுத்தீன் எழுதி வச்சிருக்காரு, முதுகுல பத்து அம்பு வரைக்கும் குத்தி நிக்க, ஒண்ணுமே ஆகாத மாதிரி நடந்து போனாங்களாம் காலாட்கள். சங்கிலிச் சட்டையும் கூட கெட்டியான கம்பளித் துணியும் சேர்ந்து பண்ண வேலை அது. புழுங்கினாலும் கழட்டாததுக்குக் காரணம் புரியுதா?

கத்தியால ஓங்கி வெட்டினா ஆர்மர் ரெண்டா பிளக்குமே, படத்துல காட்டுறாங்க?

பிளக்காது. கத்தி வெறும் ஒன்றேகால், ஒன்றரை கிலோ, அதை வச்சு தகட்டை வெட்ட முடியாது. சங்கிலிச் சட்டையைக்கூட வெட்டுறது ரொம்பக் கஷ்டம், ஏன்னா ஒவ்வொரு வளையத்தையும் தனித்தனியா ஆணி அடிச்சு மூடியிருப்பாங்க.

அதனால ஓட்டையைத் தேடுவாங்க: அக்குள், கண் துவாரம், தொடை இடுக்கு, முழங்கால் பின்பக்கம். கத்தியோட நடுவுல ஒரு கையால பிடிச்சு ஈட்டி மாதிரி குத்துறது, கத்தியைத் தலைகீழா பிடிச்சு கைப்பிடிக் கட்டையால மண்டைல அடிக்கிறது, இதெல்லாம் பழைய சண்டைப் பயிற்சி நூல்கள்லயே படம் போட்டு இருக்கு. 15-ம் நூற்றாண்டு நூல்கள்ல மல்யுத்தத்துக்கு அவ்ளோ பக்கம் ஒதுக்கினது இதனாலதான். ஆளைக் கீழ தள்ளி, மேல ஏறி உக்காந்து, கட்டாரிய முகமூடிச் சந்துல விடுறதுதான் முடிவு. பாக்க அழகா இருக்காது. தரைல நின்னு சண்டை போடும்போது நைட்டுங்களுக்குப் பிடிச்ச ஆயுதம் கோடாலி, சுத்தியல், கூர்முனை மூணும் ஒண்ணா இருக்குற நீளக் கம்பு, தகடு கிழியலன்னாலும் உள்ள இருக்குற எலும்பு உடையும்.

இங்கிலீஷ்காரன் லாங்போ அம்பு ஆர்மரைத் துளைச்சிட்டு போகும்னு சொல்றாங்க, இல்லன்னும் சொல்றாங்க. எது சரி?

லாங்போன்னா ஆள் உயர நீள வில். அதோட அம்பு நல்ல நெஞ்சுத் தகட்டை நேரா துளைக்கிறது அபூர்வம். மெல்லிசான இடம், சங்கிலி மட்டும் இருக்குற இடம், திறந்த முகம் இதெல்லாம் வேற கதை. 1403 ஷ்ரூஸ்பரி சண்டைல 16 வயசு இளவரசன் ஹென்றி, பின்னாடி அஜின்கோர்ட்ல ஜெயிச்ச அதே ஹென்றி, முகத்துல அம்பு வாங்கினான். தண்டை உருவினப்போ முனை மட்டும் உள்ளயே, சுமார் 6 அங்குல ஆழத்துல, எலும்புல மாட்டிக்கிச்சு. ஜான் பிராட்மோர்னு ஒரு வைத்தியர் அதுக்குன்னே ஒரு இடுக்கி செஞ்சு, காயத்தைத் தேன் தடவின திரி வச்சு கொஞ்சம் கொஞ்சமா அகலப்படுத்தி, முனையைத் திருகி எடுத்தார். இளவரசன் பொழைச்சதே பெருசு.

வில்லாளிங்களுக்கு இது நல்லாவே தெரியும், அதனால குதிரையை அடிப்பாங்க. 1356 பொய்த்தியே சண்டைல பிரெஞ்சு குதிரைங்களுக்கு முன்பக்கம் கவசம் இருந்துச்சு, அம்பு ஒண்ணும் பண்ணல. வில்லாளிங்க பக்கவாட்டுக்கு நகர்ந்து போய் குதிரையோட பின்னந்தொடைல அடிச்சாங்க. அடிபட்ட குதிரை திரும்பி சொந்தப் படைக்குள்ளயே ஓடுச்சு.

நைட் ஆகணும்னா எத்தனை வயசுல டிரெயினிங் ஆரம்பிக்கணும்?

பொதுவா சொல்ற கணக்கு: 7 வயசுல இன்னொரு பிரபு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க, அங்க பேஜ்ங்கற பேர்ல எடுபிடி வேலை, மரியாதை, குதிரைப் பழக்கம். 14 வாக்குல ஸ்குவயர், 21 ஒட்டி பட்டம். இது கண்டிப்பான சட்டம் இல்ல, முன்னபின்ன ஆகும்.

பயிற்சி பெரும்பாலும் ஒரே வேலையைத் திரும்பத் திரும்ப செய்யுறதுதான். தரைல நட்ட கட்டையை நிஜ கத்திய விட கனமான மரக்கத்தியால மணிக்கணக்கா அடிப்பாங்க. குதிரைல வந்து ஈட்டியால அடிக்க, சுழலுற கம்பு ஒண்ணு இருக்கும், ஒரு முனைல கேடயம், இன்னொரு முனைல மணல் மூட்டை. அடிச்சுட்டு வேகமா தாண்டிப் போகலன்னா மூட்டை சுத்தி வந்து முதுகுலயே சாத்தும். வேட்டையும் பயிற்சிதான், காட்டுல குதிரையை விரட்டிப் பழகுறதுக்கு அதை விட நல்ல வழி இல்ல. நடுவுல எஜமானோட ஆர்மரைப் பராமரிக்கணும், துருப் பிடிச்ச சங்கிலிச் சட்டைய மணலோட பீப்பாய்ல போட்டு உருட்டு உருட்டுன்னு உருட்டி சுத்தம் பண்ணணும்.

நைட் பட்டம் கிடைக்க எல்லாரும் ஏங்கி இருப்பாங்க இல்ல?

இதைக் கேட்டா ஆச்சரியப்படுவீங்க, 13-ம் நூற்றாண்டு இங்கிலாந்துல நிறைய பேர் வேண்டாம்னு ஓடினாங்க! செலவு தாங்காது, அதோட ராஜாவுக்கு ஊழியம் வேற. 1278-ல முதலாம் எட்வர்ட் போட்ட உத்தரவு என்னன்னா, வருஷத்துக்கு 20 பவுண்டு வருமானம் வர்ற நிலம் இருந்தா நீ நைட் ஆகியே ஆகணும். ஆகலன்னா அபராதம். அவருக்கு ஆளும் வேணும், காசும் வேணும், எது வந்தாலும் லாபம். ஆசைப்பட்டு வந்தவங்களும் இல்லாம இல்ல, 1306-ல அதே ராஜா தன் மகனோட சேத்து 250 பேருக்கு மேல வெஸ்ட்மின்ஸ்டர்ல ஒரே நாள்ல பட்டம் குடுத்தார்.

போர்க்குதிரை யானை சைஸ்ல இருக்குமாமே?

யானையெல்லாம் இல்லீங்க. 2021-ல இங்கிலாந்துல கிபி 300ல இருந்து 1650 வரைக்குமான குதிரை எலும்புகளை, 171 இடத்துல தோண்டி எடுத்ததை, அளந்து பாத்தாங்க, கிட்டத்தட்ட 2,000 எலும்பு. இடைக்காலத்துக் குதிரைல பெரும்பாலானது தோள் உயரம் 4 அடி 10 அங்குலத்துக்கும் கீழ, இன்னிக்குக் கணக்குல மட்டக்குதிரை. எல்லா எலும்பும் போர்க்குதிரையோடது இல்லதான், ஆனா வண்டி இழுக்குற ராட்சசக் குதிரையைப் போருக்கு ஓட்டினாங்கங்கற கற்பனைக்கு அதுல ஆதாரமே இல்ல.

யோசிச்சுப் பாத்தா அதுதான் சரி. ஆள் 70, கவசம் 25, சேணம், ஆயுதம், மொத்தம் 110, 120 கிலோ. கட்டையா, நெஞ்சு அகலமா, சட்டுனு திரும்புற குதிரை இதைத் தாங்கும். உயரம் ஏற ஏற திரும்புறது கஷ்டம், தீனியும் ஜாஸ்தி.

ஒரு நைட்டுக்கு ஒரே குதிரை போதாதா? எதுக்கு நாலஞ்சு?

டெஸ்ட்ரியர்ங்கறது உயர்ந்த ரகம், பயிற்சி குடுத்த ஆண் குதிரை, சண்டைக்கும் டூர்னமென்ட்டுக்கும் மட்டும்தான் அதுல ஏறுவாங்க. கோர்சர் கொஞ்சம் லேசானது, வேகமானது, உண்மைல போர்க்களத்துல அதிகமா ஓடினது இதுதான். ஊர்விட்டு ஊர் போறதுக்கு பால்ஃப்ரி, நடை அலுங்காது. ஸ்குவயருக்கு ரவுன்சி. மூட்டை சுமக்க இன்னொண்ணு. சண்டைக்குதிரைலயே பயணமும் போனா களத்துக்கு வரும்போது அது களைச்சுப் போயிருக்கும்.

இப்ப முதல் பதில்ல சொன்ன சம்பளத்தை எடுங்க. 14-ம் நூற்றாண்டுல 10 பவுண்டு மதிப்புள்ள போர்க்குதிரை ஒண்ணும் பெரிய அதிசயம் இல்ல. 10 பவுண்டுன்னா 200 ஷில்லிங், நைட்டோட 100 நாள் சம்பளம்! அதனாலதான் படை கிளம்புறதுக்கு முன்னாடி ராஜாவோட ஆளுங்க ஒவ்வொரு குதிரையையும் பாத்து நிறம், அடையாளம், விலை எல்லாம் எழுதிக்குவாங்க, போர்ல செத்தா அந்த விலையை ராஜா குடுக்கணும். அந்தக் கணக்குச் சுருள்கள் நிறைய இன்னிக்கும் இருக்கு. வில்லியம் மார்ஷல்னு 12-ம் நூற்றாண்டுல பேர் போன நைட், பட்டம் வாங்கின புதுசுல முதல் சண்டைலயே குதிரைய இழந்துட்டு, போட்டிருந்த மேலங்கியை வித்து ஒரு சாதாரண குதிரை வாங்கினார். பின்னாடி இங்கிலாந்துக்கே பொறுப்பாளரா இருந்தவர் அவர்.

கடல் தாண்டி எப்படிங்க குதிரையைக் கொண்டு போனாங்க?

கப்பல்லதான். 1201-ல நாலாவது சிலுவைப்போருக்கு வெனிஸ்கூட போட்ட ஒப்பந்தத்தைப் பாருங்க: 4,500 நைட், 4,500 குதிரை, 9,000 ஸ்குவயர், 20,000 காலாட்கள். ஒரு நைட்டுக்கு ரெண்டு ஸ்குவயர்னு கணக்கு. கட்டணம் ஆளுக்கு 2 மார்க் (அந்தக் காலத்து வெள்ளிப் பணக் கணக்கு), குதிரைக்கு 4 மார்க், டிக்கெட்டே குதிரைக்குதான் டபுள். 1248-ல பிரெஞ்சு ராஜா ஒன்பதாம் லூயிகூட சிலுவைப்போருக்குப் போன ஜ்வான்வீல் எழுதியிருக்கார், கப்பலோட பக்கவாட்டுக் கதவைத் திறந்து குதிரைங்களை உள்ள ஏத்தினதும் அந்தக் கதவை பீப்பாய் அடைக்கிற மாதிரி இறுக்கி அடைச்சாங்களாம், ஏன்னா நடுக்கடல்ல அந்தக் கதவு தண்ணிக்கு அடில இருக்கும்.

ஈட்டி நீட்டிக்கிட்டு நிக்கிற கூட்டத்துக்குள்ள குதிரை எப்படி பாயும்? அதுக்கு பயம் இருக்காதா?

பாயாது, அதான் விஷயம். ஈட்டி அசையாம நின்னா குதிரை கடைசி நேரத்துல நின்னுடும், இல்ல திரும்பிடும். குதிரைப்படைத் தாக்குதலோட பலமே எதிர்ல நிக்கிறவன் பயந்து ஓடுறதுலதான் இருக்கு. முட்டிக்கு முட்டி ஒட்டி வரிசையா மெதுவா நகர்ந்து, கடைசி கொஞ்ச தூரத்துலதான் வேகம் எடுப்பாங்க, தரையே அதிரும், பழக்கமில்லாத விவசாயி கையில இருக்குறதைப் போட்டுட்டு ஓடிடுவான்.

ஓடலன்னா? 1302-ல, இன்னிக்கு பெல்ஜியத்துல இருக்குற கோர்ட்ரைக்ல, ஃப்ளாண்டர்ஸ் நெசவாளிங்களும் மத்த தொழிலாளிங்களும் ஈட்டியோடயும் இரும்பு முனை வச்ச தடியோடயும் வாய்க்கால் பின்னாடி அசையாம நின்னாங்க. பிரெஞ்சு நைட்டுங்க கூட்டமா செத்தாங்க, தலைவர் ஆர்த்துவா பிரபுவும் போயிட்டார். கிடந்த தங்கமுலாம் குதிமுள்ளை எல்லாம் (குதிரையை விரட்ட நைட்டுங்க குதிகால்ல மாட்டுறது) பொறுக்கி சர்ச்ல தொங்க விட்டாங்க. 1314-ல பானக்பர்ன்ல ஸ்காட்லாந்துக்காரங்களும் இங்கிலீஷ் படைக்கு இதையேதான் பண்ணாங்க.

குதிரைக்கும் ஆர்மர் போடுவாங்களா?

போடுவாங்க, பணம் இருந்தா. முகத்துக்கு மட்டும் போட்டவங்கதான் அதிகம். முழு செட்டுக்கு உதாரணம் லண்டன் வாலஸ் கலெக்ஷன் மியூசியத்துல இருக்கு, 1480 வாக்குல ஜெர்மனில செஞ்சது, ஆளும் குதிரையும் சேர்த்து நிக்கும், குதிரை ஆர்மர் மட்டுமே சுமார் 30 கிலோ.

டூர்னமென்ட்னா விளையாட்டுதானே, அதுல யாராவது சாவாங்களா?

12-ம் நூற்றாண்டு டூர்னமென்ட் நீங்க நினைக்கிற ஜௌஸ்ட்டிங் இல்ல. ரெண்டு கும்பலா பிரிஞ்சு வயக்காடு, ஊருன்னு மைல் கணக்குல துரத்தி, ஆளைப் பிடிச்சா அவன் குதிரையும் கவசமும் பிடிச்சவனுக்கு. மேல சொன்ன வில்லியம் மார்ஷல் இதுலதான் பணக்காரர் ஆனார், ஒரு கூட்டாளியைச் சேத்துக்கிட்டு பத்தே மாசத்துல 103 நைட்டுங்களைப் பிடிச்சதா அவர் வாழ்க்கை வரலாறு சொல்லுது. ஒரு தடவை பரிசு குடுக்க ஆளைக் காணோம்னு தேடிப் போனா, கொல்லன் பட்டறைல பட்டடைக் கல்லு மேல தலையை வச்சுப் படுத்திருந்தார். அடி வாங்கி நெளிஞ்ச ஹெல்மெட் கழல மாட்டேங்குது, கொல்லன் சுத்தியலால தட்டி நிமித்திட்டு இருந்தான். பரிசு என்ன தெரியுமா, ஒரு பெரிய மீன்.

1130-ல இருந்து போப்புங்க இதைத் தடை பண்ணிட்டே இருந்தாங்க, செத்தா சர்ச்ல புதைக்க இடம் கிடையாதுன்னு கூட சொல்லிப் பாத்தாங்க, யாரும் கேக்கல, 1316-ல தடையையே எடுத்துட்டாங்க. பின்னாடி நடுவுல தடுப்பு, தடிமனான ஆர்மர்னு பாதுகாப்பு வந்தப்புறமும் ஆபத்து முழுசா போகல. 1559-ல பிரெஞ்சு ராஜா ரெண்டாம் ஹென்றி கல்யாணக் கொண்டாட்டத்துல ஜௌஸ்ட் ஆடி, உடைஞ்ச ஈட்டிச் சிலாம்பு ஹெல்மெட் சந்து வழியா கண் பக்கம் ஏறி, பத்து நாள் கிடந்து செத்தார்.

போர்ல தோத்த நைட்டைக் கொன்னுடுவாங்களா?

முடிஞ்ச வரைக்கும் பிடிப்பாங்க, ஏன்னா உயிரோட இருந்தாதான் காசு. 1356-ல அந்தப் பொய்த்தியே சண்டைல பிடிபட்ட பிரெஞ்சு ராஜா ஜானுக்கு விலை 30 லட்சம் எக்யூ, அதாவது தங்கக் காசு. முழுசா கட்ட முடியல, பிணையா விட்ட மகன் தப்பிச்சு ஓடிட்டான், மானம் போச்சேன்னு ராஜா தானே லண்டன் திரும்பிப் போய் 1364-ல அங்கயே செத்தார். ஆனா இந்த மரியாதை எல்லாம் காசு உள்ளவனுக்கு மட்டும்தான், சாதா சிப்பாயை அங்கயே முடிச்சிடுவாங்க. கோர்ட்ரைக் நெசவாளிங்களுக்கும் இந்த வழக்கத்துல அக்கறை இல்ல, பிடிக்காம கொன்னாங்க, பிரான்ஸ் அதிர்ந்ததுக்கு அதான் காரணம். அஜின்கோர்ட்ல ஹென்றி ராஜாவே கைதிங்களைக் கொல்லச் சொன்னார், பின்னாடி இருந்து இன்னொரு தாக்குதல் வருதுங்கற பயத்துல.

நைட்டுங்க ஏழையையும் பொம்பளைங்களையும் காப்பாத்துற நல்லவங்கதானே? சத்தியம் எல்லாம் பண்ணுவாங்களே?

சத்தியம் பண்ணாங்க, சிலர் நிஜமாவே நம்பவும் செஞ்சாங்க. அதே நேரம் 1355-ல இங்கிலாந்து இளவரசன் எட்வர்ட், வீரத்துக்கு எடுத்துக்காட்டுன்னு புகழ்ந்தவங்க அவனை, தெற்கு பிரான்ஸ்ல ஊர் ஊரா கொளுத்திட்டுப் போனான். எதிரி ராஜாவோட வரி வருமானத்தை அழிக்கிறதுதான் திட்டம், எரிஞ்சது விவசாயி வீடு. அந்த நல்ல நடத்தை விதி பெரும்பாலும் அவங்க ஆளுங்களுக்குள்ள மட்டும்தான் ஓடுச்சு. என்னைக் கேட்டா, முந்தின பதில்ல இருக்குற பணக் கணக்கைப் பாத்தாலே நைட்டுங்க நல்லவங்களாங்கறதுக்குப் பாதி பதில் கிடைச்சிடும்.

ஜோன் ஆஃப் ஆர்க் நைட்டா?

இல்ல, இங்கிலீஷ்காரங்களுக்கு எதிரா பிரெஞ்சுப் படையோட போன விவசாயிப் பொண்ணு அவ. ஆனா 1429-ல பிரான்ஸ்ல தூர் நகரத்துல அவளுக்குன்னு அளவெடுத்து முழு ஆர்மர் செஞ்சாங்க, 100 லீவர் (அப்போதைய பிரெஞ்சுப் பணம்) செலவுன்னு கணக்குல இருக்கு.

துப்பாக்கி வந்ததும் ஒரே நாள்ல நைட் காலி, சரிதானே?

ஒரே நாள்ல இல்ல, துப்பாக்கியும் ஆர்மரும் 200 வருஷத்துக்கு மேல ஒண்ணா இருந்திருக்கு. நைட்டை முதல்ல ஆட்டம் காண வச்சது சம்பளம். 1445-ல பிரான்ஸ்ல ஏழாம் சார்லஸ் நிரந்தரமா சம்பளம் குடுத்து குதிரைப்படை வச்சதும், நிலத்தை வாங்கிக்கிட்டு அதுக்குக் கைமாறா சண்டைக்கு வர்ற பழைய முறைக்கு அவசியம் குறைஞ்சு போச்சு. அப்புறம் சுவிஸ்காரங்களோட நீள ஈட்டிப்படை, அது கோர்ட்ரைக் கதையோட பெரிய ரூபம். துப்பாக்கி கடைசில வந்து சேந்துச்சு. 1524-ல பிரான்ஸோட பேர் போன நைட் பையார் முதுகுல குண்டு பாய்ஞ்சு செத்தார், அடுத்த வருஷமே இத்தாலில பவியா சண்டைல பிரெஞ்சு ராஜா பிடிபட்டார்.

ஆர்மர் செய்யுறவங்க சும்மா இருக்கல, நெஞ்சுத் தகட்டைத் தடிமனாக்கினாங்க, எடை ஏறினதும் முழங்காலுக்குக் கீழ இருந்த ஆர்மரைக் கழட்டிட்டாங்க, முழங்கால் வரைக்கும் மட்டும் போட்டாங்க. விக்கிறதுக்கு முன்னாடி பட்டறைலயே அதை ஒரு தடவை சுட்டுக் காட்டுவாங்க, துளைக்காம பள்ளம் மட்டும் விழுந்தா சரக்கு தரமானது, அந்தப் பள்ளத்தை நிமித்தாம அப்படியே விட்டு விப்பாங்க. மியூசியத்துல நெஞ்சுத் தகட்டுல தனியா ஒரே ஒரு உருண்டைப் பள்ளம் பாத்தீங்கன்னா, பாவம் இதைப் போட்டவன் சுடுபட்டான்னு உச்சுக் கொட்டாதீங்க, அனேகமா அது கடைக்காரன் வாங்குறவனுக்குக் காட்டின கேரண்டி.